இரண்டு பேருக்கான பை

“2051 மே 9. இன்று காரின் அவசரப் பையில் இரண்டு பேருக்கு மட்டும் தண்ணீர் வைத்தது என் தவறு.” மாலை வகுப்பில் காட்ட வேண்டிய நாட்குறிப்பில் அன்றிரவு இப்படி எழுதிய ஜெபராணி, அது தவறுதானா என்று மறுபடியும் யோசித்தாள். போனது அவளும் அண்ணன் செல்வினும்தானே?

விதிப்படி கோடையில், பையில் எத்தனை பேருக்குத் தண்ணீர் இருக்கிறதோ அத்தனை பேரோடுதான் கார் நகரும். அன்று மதியம் கயத்தாற்றுக்கு அப்பால் வெயிலில் மயங்கிக் கிடந்த கர்ப்பிணி ஒருத்தியைத் தூக்கி ஏற்றியதும், கார் கிளம்ப மறுத்தது.

“பட்டியல் போட்டு எடுத்து வச்சேன்னு பீத்துனியேட்டி!” என்றான் செல்வின். “சரி, நான் எறங்குதேன். நீ ஆஸ்பத்திரிக்கு விடு.”

“ஒரு பாட்டிலயாவது வச்சுக்கோண்ணே.”

“எடுத்தா வண்டி நவுராதுட்டி. போ.”

இரண்டு மணி நேரம் கழித்து அவள் திரும்பியபோது, அவன் பாலத்து நிழலில் நினைவில்லாமல் கிடந்தான். ஆஸ்பத்திரியில் சாயங்காலம்தான் கண் திறந்தான்.

“அந்த அக்கா நல்லாருக்காவளா?”

“நல்லாருக்காவ. நீ பேசாம படுண்ணே.”

அதைத் தவறு என்றதற்கு நாட்குறிப்பில் அவள் காரணம் எதுவும் எழுதவில்லை. அடுத்த வரியை மட்டும் எழுதினாள். “நாளை: அண்ணனைப் பார்க்கக் கிளம்பும் முன், காரின் ஐந்து இருக்கைக்கும் தண்ணீர் எடுத்து வைக்க வேண்டும்.”