ஸ்கோர் தாளில் ஒன்பது

"ஒம்போதுன்னே போடுப்பா," என்றார் கமாலுதீன்.

ஜெயித்த மரவாடி டீமின் மாஸ்டர் அவர். அவருடைய பையன்கள் சற்று முன்புதான் பதினோரு கோல் போட்டு முடித்திருந்தார்கள். வாங்கியவர்கள் ஒன்றுகூடத் திருப்பிப் போடவில்லை.

வாங்கிய டீமின் மாஸ்டர் ராசையா பக்கத்தில் நின்று, தன் செருப்பில் ஒட்டியிருந்த நிலக்கரித் தூளைப் பார்த்துக்கொண்டிருந்தார். துறைமுகத்தில் மூட்டை எண்ணும் குமாஸ்தா. பத்தொன்பது வருடத்தில் ஒரு மூட்டையைக்கூடக் கூட்டியோ குறைத்தோ எழுதியதில்லை.

இன்று அவர் மறுக்கவில்லை.

காரணம், லீக்கின் ஏழாவது விதி. பத்து கோல் வித்தியாசத்திலோ அதற்கு மேலோ தோற்கும் சிறுவர் டீமுக்கு அந்த வருடம் அதோடு ஆட்டம் முடிந்தது. பிஞ்சு மனம் மேலும் நோகக் கூடாது என்று கருணையோடு சேர்த்த விதி.

சேர்க்கச் சொல்லி மூன்று பக்கத்துக்குக் கடிதம் எழுதியவரே ராசையாதான். போன வருடம், அறுபத்தாறில், எண்ணூர்ப் பையன்கள் பதினான்கு வாங்கிக்கொண்டு அழுதபடியே லாரி ஏறியதைப் பார்த்துவிட்டு எழுதினார். உட்பிரிவு அ, ஆ, இ எல்லாம் போட்டிருந்தார். எழுதும்போது தன் டீம் அவர் நினைவுக்கு வரவில்லை.

இப்போது நினைவுக்கு வந்தது. ஆட்டம் இல்லையென்றால் பையன்களும் இல்லை. இரண்டே மாதத்தில் பாதிப் பேர் வலை இழுக்கவும் லாரி கழுவவும் போய்விடுவார்கள்.

ரெஃப்ரி கிருஷ்ணப்பன் தாளை முழங்காலில் வைத்துக்கொண்டு பேனாவை உதறினார்.

"சாயங்காலமானா எனக்குக் கண்ணு சரியா தெரியாது. நீங்க ரெண்டு பேரும் இன்னா சொல்றீங்களோ அத்த எழ்திட்டுப் போறேன்."

"கடேசி ரெண்டும் டைம் முடிஞ்சப்பறம் பூந்துச்சு. கணக்குல வராது," என்றார் கமாலுதீன். டைம் முடியக் கால் மணி இருக்கும்போது புகுந்தவை அவை.

ராசையா தலையை அசைத்தார். ஆமாம் என்றும் கொள்ளலாம், ஈ ஓட்டியதாகவும் கொள்ளலாம்.

கிருஷ்ணப்பன் ஒன்பது என்று எண்ணாலும் எழுத்தாலும் எழுதினார்.

மைதானத்தின் நடுவில் பையன்கள் இன்னும் வாய்ச்சண்டையில் இருந்தார்கள்.

"இன்னாடா, உங்க கோல்ல கதவு தொறந்தே கீது?"

"உங்க மரவாடில கட்டை வாங்கியாந்துதான் அடைக்கணும், தள்ளுபடி குடுப்பீங்களா?"

இனி ஒரு வழக்கம்தான் பாக்கி. எழுதியதை உரக்கப் படித்து, இரண்டு கேப்டன்களிடமும் கையெழுத்து வாங்க வேண்டும். கமாலுதீன் தன் கேப்டனைத் தனியே இழுத்துப்போய்க் காதோடு பேசிவிட்டு வந்தார். அந்தப் பையன் முறைத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டான். கடைசி இரண்டும் அவன் போட்டவை.

ராசையா தன் கேப்டனிடம் ஒன்றும் சொல்லவில்லை. குறைத்து எழுதினால் தோற்றவன் எங்கே சண்டைக்கு வரப்போகிறான்?

அதோடு, பையன்களுக்கு அப்படி ஒரு விதி இருப்பதே தெரியாது. பயந்துகொண்டு ஆடக் கூடாது என்று அவர்தான் சொல்லாமல் வைத்திருந்தார்.

கேப்டன் லியோனார்ட் வந்தான். பன்னிரண்டு வயது, கோல்கீப்பர். முழங்கால் இரண்டிலும் தோல் இல்லை.

"மரவாடி டீம் ஒன்பது, அந்தோணியார் தெரு டீம் சைபர்," என்று படித்தார் கிருஷ்ணப்பன்.

"பதினொண்ணு சார்."

"இல்லடா நைனா, ஒம்போது."

"கோலுக்கு வலையே இல்ல சார். ஒவ்வொரு வாட்டியும் நாந்தானே ரயில் ரோடு வரிக்கும் ஓடிப் பந்த எத்தாந்தேன். பதினோரு வாட்டி."

கமாலுதீன் இருமினார். கிருஷ்ணப்பன் கண்ணடித்தார். லியோனார்ட் இருவரையும் பார்க்கவில்லை. ராசையாவைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

தோற்ற பையன்களை ராசையா அடித்ததில்லை, திட்டியதுமில்லை. மற்ற மாஸ்டர்கள் பெல்ட்டைக் கழற்றும் நேரத்தில் அவர் பையன்களை வரிசையாக நிறுத்துவார். "எத்தனை வாங்கினோம்னு வாயத் தொறந்து சொல்லுங்கலே, சொன்னாத்தான் ஆறும்," என்பார், இருபது வருடமாகியும் மாறாத திருநெல்வேலிப் பேச்சில். "நாலு மாஸ்டர்," என்பார்கள் பையன்கள். போன வாரம், "ஆறு மாஸ்டர்." சொல்லி முடித்ததும் பையன்கள் நிமிர்ந்து நடப்பதை அவர் கண்ணால் பார்த்திருக்கிறார்.

இப்போதும் லியோனார்டுக்குப் பின்னால் பத்துப் பேர் தாங்களாகவே வந்து வரிசையில் நின்றிருந்தார்கள்.

"பதினொண்ணு மாஸ்டர்," என்றார்கள் ஒரே குரலில்.

ராசையா கிருஷ்ணப்பனிடமிருந்து பேனாவை வாங்கினார். ஒன்பதை ஒரே கோட்டில் அடித்தார். மேலே பதினொன்று என்று எழுதி, திருத்தத்தின் பக்கத்தில் சுருக்கொப்பமிட்டுத் தேதி போட்டார்.

கமாலுதீன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "இன்னா வாத்யாரே, பசங்கள இப்டியா வளப்பாங்க?"

லியோனார்ட் நாக்கைக் கடித்தபடி கையெழுத்துப் போட்டான். பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "அடுத்த மேட்ச் யாரோட மாஸ்டர்?" என்று கேட்டான்.

ஏழாவது விதியை அறியாத பதினோரு முகங்களும் பதிலுக்குக் காத்திருந்தன.

"மாதவரம்லே," என்றார் ராசையா. "நல்லா ஆடுவானுவ. நாளைக்கு அஞ்சு மணிக்குப் பயிற்சிக்கு வந்திருங்க."

கிருஷ்ணப்பன் தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். எதையும் கேட்காதவர்போல் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார்.

பையன்கள் மாதவரத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே கலைந்தார்கள். லியோனார்ட் மட்டும் நெருங்கி வந்து, மற்றவர்கள் காதில் விழாமல் சொன்னான்.

"உங்களுக்கு ஒம்போதுதான் புடிச்சிருந்துச்சு, தெரியும் மாஸ்டர். மாதவரத்துக்காரங்ககிட்ட நெஜமாவே ஒம்போதோட நிறுத்திர்றேன்."