மாற்றுச் சாவி

தமிழ்மாறன் மைன்ஸில் இரண்டாம் ஷிஃப்டுக்குக் கிளம்பும்போது குவார்ட்டர்ஸ் சாவியை மீட்டர் பெட்டிக்குள் வைத்துவிட்டுப் போவான். பள்ளிக்கூட வேலை முடிந்து வரும் மனைவி மணிமொழி எடுத்துத் திறப்பாள். பிளாக்கில் எல்லோருக்கும் அதே பழக்கம்தான். 2014இல் இரண்டு வீடுகளில் திருட்டுப் போனதும், ஆளுக்கொரு மாற்றுச் சாவியைக் காவல் அறையில் ஒப்படைக்கச் சொன்னார்கள்.

"நம்ம வூட்டுச் சாவி அவங்களுக்கு எதுக்கு?" என்றாள் மணிமொழி.

அதற்குப் பதிலாகக் குறிஞ்சிப்பாடியில் இடிந்துபோன அப்பா வீட்டின் சாவியைக் கொடுத்தாள். துருப்பிடித்தது, வளையத்தில் அப்பா கட்டிய சிவப்புக் கயிறு.

"கட்டாயமில்லைங்க, உங்க பாதுகாப்புக்குத்தான்" என்று காவலர் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

மூன்று மாதம் கழித்து ஒருநாள் தமிழ்மாறன் சாவியை மறந்து சட்டைப் பையிலேயே கொண்டுபோய்விட்டான். வாசலில் நின்றவளைப் பார்த்துவிட்டுக் காவலர் அந்தச் சாவியோடு வந்தார். பொய் வெளிப்படப் போகிறதென்று மணிமொழிக்கு வியர்த்தது.

"தூக்கிப் பிடிச்சாத்தாங்க உங்க கதவு திறக்கும்" என்று சொல்லிக்கொண்டே அவர் திருப்பினார். கதவு திறந்துகொண்டது.

மணிமொழி சாவியை வாங்கிப் பார்த்தாள். அதே சிவப்புக் கயிறு. துரு மட்டும் இல்லை. தினமும் புழங்கிய சாவியைப் போல வழவழவென்று தேய்ந்திருந்தது.