பிரின்சிபாலின் முதல் தீர்மானம்

பள்ளி வாரியக் கூட்டம் தொடங்கிப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. பெற்றோர் வரிசையிலிருந்து எழுந்த கிளேட்டன் மேடையேறி, உறுப்பினர் வெண்டலின் முகத்தில் ஓங்கிக் குத்தினான். அவர் நாற்காலியோடு சாய்ந்தார். உதடு கிழிந்து சட்டையெல்லாம் ரத்தம்.

பள்ளியில் பிள்ளைகளை அடிப்பது இன்னும் சட்டப்படி செல்லும் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில், அந்தச் சின்ன ஊரில் இருபத்திரண்டு வருடம் பிரின்சிபாலாக இருந்தவர் வெண்டல். போன மாதம்தான் வாரியத் தேர்தலில் ஜெயித்திருந்தார். அவருடைய மரமட்டையால் அடி வாங்காத பையன்கள் ஊரில் குறைவு.

"ஏழாவது படிக்கிறப்போ என்னை எத்தனை நாள் அடிச்சீங்க, சார்?" கிளேட்டன் மறுபடியும் குத்தினான். "ஒரு வாரம் உக்கார முடியல, தெரியுமா?"

"ஞாபகம் இருக்குப்பா," என்றார் வெண்டல். அந்த முகத்தை அவர் மறந்ததே இல்லை.

வாசலில் காவலுக்கு நின்ற இரண்டு போலீஸ்காரர்கள் ஓடிவந்து அவனைத் தரையோடு அமுக்கினார்கள். அவன் திமிறினான்.

"அந்த அடியாலதான் சார் நான் மனுஷனானேன். இப்ப என் பையனை எந்த வாத்தியாரும் தொடக் கூடாதுன்னு தீர்மானம் கொண்டுவர்றீங்களே, உங்களுக்கே நியாயமா இருக்கா?"

வெண்டல் எழுந்து, உடைந்த பல்லைத் துப்பிவிட்டு மைக்கை இழுத்தார்.

"இவன் எப்படிப்பட்ட மனுஷனானான்னு எல்லாரும் பாத்துட்டீங்க. இது என் கைவேலை," என்றார். "தீர்மானத்தை ஓட்டுக்கு விடுங்க."