டண்டீயில் ஒரு தோல்வி

பிரிட்டனை விட்டு ஸ்காட்லாந்து பிரியலாமா? டண்டீ ஊர் மன்றத்தில் அன்று விவாதம்.

"கடல் எண்ணெய் வத்திட்டா பொழைப்புக்கு என்ன பண்ணுவோம்? பிரியக் கூடாது!" என்றார் மர்டோ.

எதிரணி இஷ்பெல் எழுந்தாள். "வத்திடும், வத்திடும்னு எத்தனை வருஷமா சொல்றீங்க? வத்தினது உங்க தைரியம்தான்!"

கூரை அதிரக் கைதட்டல். மர்டோவும் தட்டினார்.

கிளாஸ்கோவிலிருந்து அவருக்குத் துணையாகப் பேச வந்திருந்த டூகல் பொருமினார். "மானத்தை வாங்கிட்டா, நீ கை தட்டுறியா? வா, அவ மூஞ்சியில முழிக்காம பின்வாசல் வழியா போயிடலாம்."

"எப்படிப் போறது? கார் சாவி அவகிட்ட இருக்கே."

"அவகிட்டயா?"

"என் பொண்டாட்டிப்பா!" மர்டோ நெஞ்சை நிமிர்த்தினார். "முப்பது வருஷமா வீட்டுல தோத்துக்கிட்டிருக்கேன். சொன்னா ஒரு பய நம்பல. இன்னிக்கு ஊரே பார்த்துடுச்சில்ல!"