ஆளுக்கு ஒரு சாவி

“உன் டேபிள் அந்தப் பெரியவரை நேத்தும் வெளியே தள்ளிடுச்சுடி,” என்றபடி ஹெட்போனைக் கழுத்துக்கு இறக்கினாள், புகார்களைக் கேட்கும் தோழி.

அமுக்குணி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவள் வாயைத் திறப்பதே அபூர்வம் என்பதால் அலுவலகம் வைத்த பெயர் அது. அன்றாடம் நடந்ததைப் பேசிப் பதிந்து வைக்கும் ஒரு செயலிக்கு, தகவல்களை டேபிள் டேபிளாக அடுக்கிவைக்கும் டேட்டாபேஸை அமைத்தவள் அவள்தான்.

“எந்தப் பெரியவர்?”

“சாயங்காலமானா போனும் கையுமா உக்காருவாராம். பாதிப் பேச்சுல ‘மறுபடி லாகின் செய்யவும்’னு வந்து நிக்குதாம். ‘கேக்கவேண்டியவங்க என்னைக்காவது கேக்கட்டும்னு பேசி வைக்கிறேன், அதுக்குக்கூட எனக்கு இடமில்லையாம்மா’ங்கறார். ஏன்டி இப்படி ஆகுது?”

அமுக்குணி மென்று விழுங்கினாள். “யூசர் டேபிள்லயே லாகின் சாவிக்கும் ஒரு கட்டம் வெச்சுட்டேன். ஆளுக்கு ஒரு வரி, வரிக்கு ஒரு சாவி. அதே கணக்குல இன்னொரு போன்லேர்ந்து யாராவது நுழைஞ்சா புதுச் சாவி பழசை அழிச்சிடும். உள்ள இருக்கறவர் வெளியே.”

“நல்ல வீட்டுக்காரிடி நீ. ஒருத்தர் வந்தா இன்னொருத்தர் தெருவுலயா?”

“ஒவ்வொரு தடவை நுழையறதும் ஒரு செஷன், அதுக்குன்னு தனி டேபிள் போட்டிருக்கணும். ஒரே ஆளுக்கு எத்தனை வரி வேணும்னாலும் இருக்கலாம். அரைநாள் வேலை. அப்புறம் பாத்துக்கலாம்னு விட்டுட்டேன்.”

“ஆனா அவர் தனிக்கட்டையாம். பாஸ்வேர்டை யாருக்குமே சொன்னதில்லையாம். அப்ப நுழையறது யாரு, பேயா பிசாசா?”

விசைப்பலகையில் அமுக்குணியின் விரல்கள் நின்றன.

“அவர்கிட்ட சொல்லு. இன்னிக்கே சரிபண்ணிடறேன்.”

“இனிமே என்ன சொல்றது? என்னால முடியலம்மான்னு காலையில கணக்கையே மூடிட்டார். பேசினது மொத்தமும் அதோட போச்சு. யூசர் வரி போனா அவரோடது எல்லாம் அழியணும்னு எழுதினதும் நீதானே.”

தோழி டீ குடிக்க எழுந்து போனாள்.

அமுக்குணி கைபேசியை எடுத்தாள். கோபித்துக்கொண்டு வீட்டைவிட்டு வந்த பிறகு, தினமும் சாயங்காலம் அந்தக் குரலைக் கேட்கத் திருட்டுத்தனமாகத் தட்டும் பாஸ்வேர்டையே இப்போதும் தட்டினாள். சின்ன வயதில் அப்பா அவளைக் கூப்பிட்ட செல்லப்பெயர் அது.

‘இப்படி ஒரு கணக்கு இல்லை’ என்றது திரை.