ஆறு மில்லிமீட்டர்

குப்பை முறத்தில் அது கிடந்தது.

கறுப்பு ரப்பர் துண்டு. தீப்பெட்டி அகலம். ஆறு மில்லிமீட்டர் கனம்.

அவள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள். குனிந்து எடுத்தாள். அவளே பழைய டயரில் அறுத்து, உப்புத்தாளில் தேய்த்த துண்டு.

நேற்று மாலை அது அப்பாவின் மோட்டார் சைக்கிளில் இருந்தது. பெட்ரோல் டேங்குக்கும் அதைத் தாங்கும் சட்டத்துக்கும் நடுவில்.

இன்று காலை அவர் டேங்கைக் கழற்றித் துடைத்திருக்கிறார். அம்மாவோடு கல்யாணத்துக்குப் போகிற வண்டி. பளபளக்க வேண்டாமா? அப்போது இதைப் பார்த்திருப்பார். ஏதோ டயர் துண்டு. காலால் ஓரமாகத் தள்ளியிருப்பார்.

அவருக்குத் தெரியாது.

அவள் சொல்லவில்லை.

அறுபத்து மூன்றாம் வருடத்து வண்டி. அதில் ஒரு திருகாணி மாறினாலும் அவருக்குப் பொறுக்காது. டேங்குக்கு அடியிலிருந்த பழைய இக்னிஷன் காயில் எரிந்துபோன பிறகு அதே அளவில் புதியது எங்கும் கிடைக்கவில்லை. கிடைத்தது கொஞ்சம் உயரம் கூடுதல். அவள் சப்பாத்தி மாவை உருட்டி காயிலின் மூக்கில் வைத்தாள். டேங்கை அதன் மேல் அமுக்கி எடுத்தாள். மாவு தட்டையாகியிருந்தது. அளந்தாள். இரண்டு மில்லிமீட்டர்.

எஞ்சினுக்குப் பொறி தரும் மின்சாரம் அந்த மூக்கிலிருந்துதான் போகிறது. இடைவெளி இரண்டுதான் என்றால் அது டேங்குக்குத் தாவிவிடும்.

அதனால் டேங்கை உயர்த்த ரப்பர்.

"அப்படியே உக்காந்துட்டா?" என்று அப்பா நேற்று புதுக் காயிலைக் காட்டிக் கேட்டார்.

"அச்சு அசலா உக்காந்துட்டுப்பா."

கிரீஸ் கையாலேயே அவள் தலையில் தட்டினார். அவருக்கு அவ்வளவு பெருமை.

ஒரு மில்லிமீட்டர் காற்றைத் தாண்ட மூவாயிரம் வோல்ட் போதும். காயில் பத்தாயிரம் தரும். கல்லூரியில் இந்தக் கணக்குக்கு அவள் முழு மதிப்பெண் வாங்கியிருந்தாள்.

சற்று முன் இருவரும் கிளம்பித் தெருமுனையில் திரும்பும்போது எஞ்சின் ஒரு துடிப்பை விட்டது. அவள் வாசலில் நின்று கேட்டாள். புதுக் காயில், பழகிவிடும் என்று நினைத்தாள்.

அந்தத் துடிப்பின் பொறி எஞ்சினுக்குப் போகவில்லை.

டேங்குக்குப் போயிருக்கிறது.

பெட்ரோல் குழாய் வேறு கசியும். நிறைய இல்லை. சொட்டுச் சொட்டாக. டேங்கின் அடிவயிற்றிலேயே வழிந்து காயில் பக்கம் சேரும். ஓடும்போது காற்று உலர்த்திவிடும்.

நின்றால்?

அப்பாவை அழைத்தாள். உள்ளறையில், சார்ஜரில், அவருடைய ஃபோன் பாடியது. அம்மாவை அழைத்தாள். அதுவும் பக்கத்திலேயே பாடியது. கல்யாண வீட்டில் தொலைந்துவிடும் என்று அம்மா எப்போதும் வைத்துவிட்டுத்தான் போவாள்.

வடக்கே ரயில் ஊதியது.

கேட்டை மூடியிருப்பார்கள். அப்பா அங்கே நிற்பார். எஞ்சினை அணைத்துவிட்டுத்தான் நிற்பார். பெட்ரோல் குழாயை மட்டும் மூட மாட்டார். மறுபடி கிளப்ப மிதித்தால், தாவும் ஒரு பொறி போதும்.

சைக்கிளை எடுத்தாள். செருப்பு போடவில்லை. பெடலின் பல் உள்ளங்காலில் குத்தியது. குத்தியது என்பது பிறகுதான் தெரிந்தது.

கேட்டுக்கு முன்னால் லாரி, மினி பஸ், ஆட்டோக்கள். நுழைய இடமில்லை. சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு ஓடினாள்.

"ஏம்மா, ரயிலப் பிடிக்கவா இந்த ஓட்டம்? ஸ்டேசன் அந்தப் பக்கம்லா!" என்றார் ஓர் ஆட்டோக்காரர். இரண்டு பேர் சிரித்தார்கள்.

முன்வரிசையில் சிவப்பு டேங்க் தெரிந்தது. வெயிலில் மின்னியது. அம்மாவின் பட்டு முதுகு. கொண்டையில் மல்லிகை.

சரக்கு ரயில். பெட்டிக்குப் பின் பெட்டியாகப் போய்க்கொண்டே இருந்தது. கத்திப் பார்த்தாள். அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

முன்னால் இருபது வண்டிகள். கைப்பிடியோடு கைப்பிடி சிக்கி நின்றன. ஒருவரும் ஓரங்குலம் நகரவில்லை.

கடைசிப் பெட்டி போயிற்று.

கேட் ஏறத் தொடங்கும் முன்பே எல்லோரும் வண்டியைக் கிளப்பினார்கள். அப்பாவும் எழுந்து நின்றார். கிக்கரில் வலது காலை வைத்தார்.

"அப்பா!"

ஐந்தாறு பேர் திரும்பினார்கள். அவர் திரும்பவில்லை.

மிதித்தார்.



எஞ்சின் பிடிக்கவில்லை. அவர் காலை மறுபடி தூக்கினார்.

வீட்டில் அவர் பெயரை யாரும் சொன்னதில்லை. யாராவது கேட்டால் அம்மா ரேஷன் அட்டையை நீட்டுவாள். படித்துக்கொள்ளட்டும் என்று.

அவள் நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தாள்.

"ஏலே அருமநாயகம்! மிதிக்காதலே! எறங்குலே கீழ!"

ஆட்டோக்காரர் ஹாரனிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

அம்மாதான் முதலில் திரும்பினாள். கை வாய்க்குப் போயிற்று.

பிறகு அவர். எவன் அது என்று வரிசை நெடுகத் தேடினார். எவனும் இல்லை. கலைந்த தலையோடு, வெறுங்காலோடு, அவர் மகள் நின்றிருந்தாள்.

முகம் கறுத்தது.

கிக்கரிலிருந்து கால் இறங்கியது. ஸ்டாண்டைத் தட்டினார். வேட்டியை மடித்துக் கட்டினார். கையை ஓங்கியபடியே வண்டிகளுக்கு நடுவே வந்தார். "என்னங்க, என்னங்க" என்று அம்மாவும் இறங்கி அவர் பின்னால் ஓடி வந்தாள்.

அவர் இதுவரை அவளை அடித்ததில்லை.

ஓரடி. ஈரடி. மூன்றடி.

அவள் எண்ணினாள். இன்னும் வரட்டும். இரண்டு பேரும் வண்டியை விட்டு இன்னும் தள்ளி வரட்டும்.

கன்னத்தைத் திருப்பாமல் நின்றாள்.