ஷெட்டில் வைத்த மூட்டை

“பாய்லருக்குள்ள டார்ச் அடிச்சுப் பாருங்க, செங்கல் சூளை மாதிரி செவந்து கெடக்கு. ரெண்டு பேருல யாரு பதில் சொல்லப் போறீங்க?” என்று கேட்டார் ஆவுடையப்பன்.

அரிமளத்துக்கு வெளியே இருந்தது அவருடைய ரைஸ் மில். நெல் அவிக்கிற பாய்லரை மழைக்காலம் முழுக்க நிறுத்தி வைத்திருந்தார்கள். பொங்கல் முடிந்து, புது நெல் களத்தில் குவிந்து கிடக்கிற நேரத்தில் மூடியைத் திறந்தால், உள்ளே எங்கு தொட்டாலும் துரு பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. குழாய்களை மாற்றாமல் இனி அதற்கு நெருப்பு வைக்க முடியாது.

பாய்லர் செல்லமுத்துவின் பொறுப்பு. அவரும் எட்டிப் பார்த்தார். இந்த வேலையும் போய்விட்டால், இந்த வயதில் இன்னொரு மில்லில் யார் சேர்த்துக்கொள்வார்கள்?

“நான் செய்ய வேண்டியதைச் செஞ்சுட்டு, உங்ககிட்ட சொல்லிட்டுத்தான் மொதலாளி திருப்பூர் வேலைக்குப் போனேன்,” என்றார். “தண்ணியை வடிச்சுக் காயவச்சு, உள்ள தட்டுத் தட்டா சுட்ட சுண்ணாம்புக் கல்லு வச்சேன். ஈரத்தை அது இழுத்துக்கிரும், இரும்புல துரு புடிக்காது. மாசம் ஒருக்கா தெறந்து பாத்து, பொடிஞ்ச கல்லை எடுத்துட்டுப் புதுசு வைக்கணும். அதுக்குன்னே ஒரு மூட்டையை ஷெட்டுல வச்சு, வாட்ச்மேன்கிட்ட படிச்சுப் படிச்சுச் சொல்லிட்டுப் போனேன்.”

தட்டுகளில் ஐப்பசியில் வைத்த சுண்ணாம்பு அப்படியே களியாகக் கிடந்தது. ஷெட்டில் மூட்டையைக் காணோம்.

ஆவுடையப்பன் வாட்ச்மேன் ஆண்டிச்சாமி பக்கம் திரும்பினார். “மூட்டை எங்கிட்டுப்பா போச்சு?”

ஆண்டிச்சாமி செல்லமுத்துவைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான்.

“என்னைய என்ன பாக்குற? மொதலாளி கேக்குறாருல்ல, அவருகிட்ட சொல்லு,” என்றார் செல்லமுத்து.

“தெரியலைங்க மொதலாளி.”

“கேட்டுலயே ஒக்காந்திருக்கிறவனுக்கு ஒரு மூட்டை வெளிய போனது தெரியலையாம்!” செல்லமுத்து பிடித்துக்கொண்டார். பழி எங்கே தன் தலையில் விழுமோ என்கிற பயத்தில் பேச்சு தானாக வந்தது. “பொங்கல் நேரம் மொதலாளி. வெள்ளையடிக்க ஊரே சுண்ணாம்பு தேடும். எவனுக்காச்சும் தள்ளிவிட்டிருப்பான்.”

“அப்படியா?” என்றார் ஆவுடையப்பன்.

ஆண்டிச்சாமி மறுபடியும் செல்லமுத்துவையே பார்த்தான். திருட்டு முழியைப் பாரு என்று நினைத்துக்கொண்டார் அவர்.

“ஆமாங்க. நான்தாங்க எடுத்தேன்,” என்றான் ஆண்டிச்சாமி.

ஆவுடையப்பன் கத்துகிற ஆள் இல்லை. “சாவியை வச்சுட்டுக் கெளம்பு. நாளையில இருந்து இங்கிட்டு வராத,” என்றார். செல்லமுத்துவிடம், “மெக்கானிக்குக்கு போன் போடுப்பா,” என்றார். அப்பாடா என்றிருந்தது செல்லமுத்துவுக்கு.

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போன ஆண்டிச்சாமி அவர் பக்கத்தில் நின்றான். “பொங்கல் நல்லபடியாப் போச்சாண்ணே?”

“செஞ்சதையும் செஞ்சுட்டு நக்கல் வேறயா? போடா அங்கிட்டு.”

அவன் போய்விட்டான்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்த செல்லமுத்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். மனைவி அமுதவல்லி டீயை நீட்டினாள்.

“என்னங்க, மொகமே சரியில்ல?”

“பாய்லரு துருப்புடிச்சுப் போச்சு. என் வேலை தப்பிச்சதே பெரும்பாடு. அந்த ஆண்டிச்சாமி இருக்கானே...”

“அந்தத் தம்பியைப் பாத்தீங்களா? அய்ய, உங்க சட்டையைப் பாருங்க, முதுகெல்லாம் வெள்ளை,” என்று தட்டிவிட்டாள் அவள். “போகியன்னைக்கு வந்தீங்க, வீடு இம்புட்டு பளிச்சுன்னு இருக்கேன்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா?”

செல்லமுத்து திரும்பிச் சுவரைப் பார்த்தார். “இதுக்குச் சுண்ணாம்பு எங்க வாங்குன?”

“கடையில சொல்ற வெலைக்கு யாரு வாங்குறது? கார்த்திகை பொறந்ததுமே மாட்டுக்குத் தவிடு வாங்க மில்லுக்குப் போனேன், ஷெட்டுல ஒரு மூட்டை சும்மா கெடந்துச்சு. அந்தத் தம்பி லேசுல குடுக்கல, அண்ணன் சொன்னாத்தான் தருவேன்னு நின்னுச்சு. நீங்க போன்ல சொன்னதா ஒரு பொய்யைச் சொன்னேன். அப்பறம் அதுவே சைக்கிள்ல வச்சுக் கொண்டாந்து எறக்கிட்டு, ‘நாளைக்கு யாரு கேட்டாலும் அண்ணன் பேரு வெளிய வராது மதினி, நான் பாத்துக்கிறேன்’னு சொல்லிட்டுப் போச்சு.”